அடிக்காத புருஷன்

கதை படிக்கத்தான் வத்சலாவுக்குச் சம்பளம். வந்து குவிகிறவற்றில் முக்கால்வாசியை அவள் மனதாரக் கேவலமாக நினைத்தாள். செங்கல்பட்டு ரயிலடிப் பக்கம் ஒரு மாடியில் இயங்கும் சின்னப் பதிப்பகத்தில், பெண்கள் நாவல்களையும் இலக்கிய நாவல்களையும் தேர்ந்தெடுப்பது அவள் வேலை. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று பத்துப் பக்கத்தில் தீர்ப்புச் சொல்லிவிடுவாள். முதல் பக்கத்திலேயே மழை பெய்து, நாயகி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால் போச்சு. வீடு திரும்பும் நாயகன் முன்னால் காபி தானாக வந்து நின்றால், ‘பெண் பேரில் இதை எழுதின ஆம்பளை யார்?’ என்று ஓரத்தில் கிறுக்கித் திருப்பி அனுப்புவாள். இலக்கியம் என்று வருபவை இன்னும் மோசம். ஒருவன் நாற்பது பக்கம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பான். எழுந்து துணியாவது துவைக்கலாமே, தடியன்!

அப்படிப்பட்டவளுக்கு ஒரு நாவல் பிடித்துப்போயிற்று. எழுதியவள் பிரிசில்லா, கடப்பாக்கத்துப் பெண். மாமல்லபுரத்தில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு வேலை. அவளுடைய நாயகி கணவனை விட்டுப் போகிறாள். அவன் குடிப்பதில்லை, அடிப்பதில்லை, சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுக்கிறான். ஆனாலும் போகிறாள். இதை அச்சில் பார்க்காமல் விடுவதில்லை என்று வத்சலா ஒற்றைக்காலில் நின்றாள்.

முதலாளி கிருஷ்ணபிரசாத் உதட்டைப் பிதுக்கினார். பெண்களின் கண்ணீரை விற்றே கார் வாங்கிய மனிதர்.

“காரணமே இல்லாம ஒருத்தி போவாளா? புருஷனைக் குடிக்க வைக்கச் சொல்லுங்கோ. ரெண்டு அறை விடட்டும். அவங்க பக்கத்துல அதெல்லாம் சகஜந்தானே?”

பிரிசில்லாவின் ஜனங்களைப் பற்றிய அந்தக் கடைசி வாக்கியம் வத்சலாவுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் சம்பளம் வாங்குகிற புத்தி, பிரிசில்லாவுக்குப் போன் போட்டு, அவர் கேட்ட மாற்றத்தைச் சொன்னாள்.

“இன்னாக்கா இது? அந்தாளு நல்ல ஆளு. நல்ல ஆளு கூடவும் இருக்கப் புடிக்காம பூடுது, அதானே கதையே! அடிக்காதவன் வூட்ல சாவுற வரைக்கும் குந்திக்கினு கெடக்கணுமா? என் கதைய மாத்தாம போடுங்க, இல்லாங்காட்டி திருப்பிக் குடுத்துடுங்க.”

வத்சலாவை வெட்கம் பிடுங்கித் தின்றது. ஊரார் கதைகளையெல்லாம் எள்ளி நகையாடியவள், இருப்பதிலேயே மட்டமான யோசனையைத் தானே சுமந்துகொண்டு போயிருக்கிறாள். தூ!

மறுநாள் காலையில், மாற்றாமலே போடலாமா என்று முதலாளியிடம் இன்னொரு முறை கேட்டுப் பார்த்தாள். அவர் சிரித்தார். பிரிசில்லாவின் நாவலைப் பைக்குள் வைத்துக்கொண்டு, வேலையை விடுவதாகச் சொன்னாள்.

“இப்போ என்ன ஆயிடுத்து?” கிருஷ்ணபிரசாத் நிஜமாகவே புரியாமல் கேட்டார். “இத்தனை வருஷத்துல உங்களை ஒரு வார்த்தை கடிஞ்சு பேசியிருப்பேனா? ஒண்ணாந்தேதி சம்பளம் தவறியிருக்கா? நான் என்ன கொறை வெச்சேன்?”

“ஒரு கொறையும் இல்லை சார்,” என்றாள் வத்சலா, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே. “கடைசி அத்தியாயத்துல அவ புருஷனும் இதையேதான் கேக்கறான். நீங்க அதுவரைக்கும் படிக்கலை.”