கையை மட்டும் பார்த்தவர்

என் கணவர் ஜோஸ் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இருபத்தாறு வருடம் தரப் பரிசோதனை வேலை பார்த்தார். இரும்பு வளையங்களை அளந்து, தேறாததைச் சிவப்புப் பெட்டியில் போடுவார். சனி, ஞாயிறு வந்தால் கூடைப்பந்து நடுவர். கொரட்டூரில் எங்கள் மாதா கோவிலுக்குப் பின்னால் இருக்கும் சிமெண்ட் மைதானத்தில் அவர் விசில் ஊதுவார். மேசையில் உட்கார்ந்து நான் ஸ்கோர் எழுதுவேன். நான் கணக்கு டீச்சர் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது.

பையன்கள் எங்களை விடமாட்டார்கள். "ஊட்டம்மாவுக்கு எழுத வேலை வோணும்னே ஃபவுல் குடுக்கறாரு மாமே!" என்று கத்துவார்கள். அவர் சிரிக்கவும் மாட்டார், திரும்பவும் மாட்டார்.

சாதாரண ஃபவுல் எது, வேண்டுமென்றே செய்தது எது என்று பிரிப்பதில் அவருக்குப் பெயர் உண்டு. இரண்டாவது வகைக்கு நடுவர் இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, ஒரு மணிக்கட்டை மறு கையால் பிடித்துக் காட்டவேண்டும். நான் தாளில் 'யூ' என்று எழுதுவேன். ஒரே ஆட்டத்தில் ஒருவருக்கு இரண்டு 'யூ' விழுந்தால் அவர் வெளியே போய்விட வேண்டும்.

"மனசுல இன்னா நெனச்சாங்கன்னு நமக்கு எப்படித் தெரியும், ஞானம்? கை பந்துக்குப் போச்சா, ஆளுக்குப் போச்சா, அதான் கேள்வி. கையப் பாத்தா போதும்" என்பார்.

ஏப்ரலில் பள்ளிப் பெண்கள் போட்டியின் அரையிறுதி. கள்ளிக்குப்பத்திலிருந்து வந்த அணியில் ஸ்டெஃபி என்று ஒரு பெண். பன்னிரண்டாவது முடித்தவள். அம்மா பேபி எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனித் தையல்காரி, அப்பா இல்லை. மாவட்ட அணியில் பெயர் வந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம், சாப்பாடு, விடுதி எல்லாம் இலவசம். வராவிட்டால் கல்லூரியே இல்லை. மைதானத்தில் எல்லோருக்கும் இது தெரியும். ஆட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டவரை அணிக்கு எடுப்பதில்லை என்பது அந்தப் போட்டியின் விதி. அதுவும் எல்லோருக்கும் தெரியும்.

மூன்றாம் கால்பகுதியில் அவளுக்கு ஒரு 'யூ' விழுந்தது. சட்டையைப் பிடித்து இழுத்திருந்தாள். அவளே கையைத் தூக்கி ஒப்புக்கொண்டாள். பிறகு ஆட்டம் முடியப் பதினெட்டு விநாடி இருந்தது. அவள் அணி ஒரு புள்ளி பின்னால். எதிரணிப் பெண் பந்தோடு ஓடினாள். கூடைக்குக் கீழே ஸ்டெஃபியின் அணிப்பெண் ஒருத்தி தடுக்க நின்றிருந்தாள். ஸ்டெஃபி பக்கவாட்டில் பாய்ந்தாள். அவள் கோச் கோட்டோரத்திலிருந்து தொண்டை கிழியக் கத்தினார்: "உடாத! புடி அவள! புடி!"

விசில். இரண்டு பேரும் தரையில் கிடந்தார்கள். கை எங்கே பட்டது என்று நான் பார்க்கவில்லை; அதற்குள் முந்தின புள்ளியை எழுதக் குனிந்துவிட்டேன். நிமிர்ந்தபோது என் கணவர் மணிக்கட்டைப் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். ஸ்டெஃபியின் எண்ணுக்கு எதிரே இரண்டாவது 'யூ'வை எழுதினேன். அவள் வாதாடவில்லை. துண்டை எடுத்துக்கொண்டு நடந்தாள். ஆட்டம் முடிந்ததும் தாளில் கடைசியாக அவர் கையெழுத்துப் போட்டார். நடுவர் கையெழுத்துக்குப் பின் அந்தத் தாளில் எதையும் மாற்ற முடியாது.

மறுநாள் பூசை முடிந்து வெளியே வரும்போது கேட்டருகே பேபி நின்றிருந்தாள். கையில் கீறல் விழுந்த போன்.

"சார், இத்த ஒரு தபா பாரு சார். ஸ்பீக்கர் பூட்ச்சு. படம் மட்டும்தான் வரும்."

யாரோ எடுத்த வீடியோ. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்று முறை பார்த்தார். சத்தமில்லாமல் ஸ்டெஃபி பாய்கிறாள். வலது கை நேராகப் பந்தின் மேல் விழுகிறது. அதன் பிறகுதான் தோள் இடிக்கிறது. சாதாரண ஃபவுல்.

"பந்துமேலதான் கை" என்றார், மெதுவாக.

"அப்போ மாத்திக் குடு சார். ஒன் கைலதானே கீது?"

அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார். வீட்டுக்கு வரும் வழியில், "நான் காதால ஃபவுல் குடுத்துட்டேன், ஞானம்" என்றார். "அந்த ஆளு கத்துனாரு. அந்தச் சத்தத்துலயே எனக்குக் கை மேல போயிடுச்சி."

அன்று மாலையே கூடைப்பந்துச் சங்கச் செயலாளர் பார்த்தசாரதி வீட்டுக்குப் போனோம். அவர் காபி கொடுத்து உட்காரவைத்துச் சொன்னார்: "ஜோஸு, புது ரெஃப்ரிங்களுக்கு கிளாஸ் எடுக்கறவன் நீ. கையெழுத்து போட்டா முடிஞ்சிதுன்னு ஒனக்கு நான் சொல்லணுமா? இன்னிக்கு ஒனக்காக மாத்தினா, நாளைக்கு தோத்த டீமெல்லாம் போனத் தூக்கிகினு வந்து நிக்கும்."

அவர் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் கஷ்டம். என் கணவர் எழுத்துமூலம் ஒரு கடிதம் கொடுத்தார். தீர்ப்பு தவறு, பிழை என்னுடையது என்று நான்கு வரி. பதில் வரவில்லை. புதன்கிழமை மாவட்ட அணிப் பட்டியல் வந்தது. ஸ்டெஃபி பெயர் இல்லை.

"கம்பெனில தப்பா கழிச்ச பீஸக்கூட சிவப்புப் பெட்டிலேர்ந்து எடுத்து மறுபடி அளக்கலாம்" என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டார்.

மே மாதம் காட்டுப்பாக்கத்தில் ஒரு போட்டி. ஒரு பையன் பின்னாலிருந்து முதுகில் இடித்து இன்னொருவனைத் தள்ளினான். விழுந்தவன் மணிக்கட்டு முறிந்தது. மைதானமே இவரைப் பார்த்தது. இவர் கை மேலே போகவில்லை. சாதாரண ஃபவுல் என்று காட்டினார். "யோவ் ரெஃப்ரி, கண்ண இன்னா ஊட்லயே வெச்சிட்டு வந்துட்டியா?" என்று ஒருவன் கத்தினான். அது சரியான கேள்விதான். என் பேனா தாளின் மேல் நின்றுகொண்டிருந்தது. அவர் காட்டாததை நான் எழுத முடியாது. அதோடு விசிலை அலமாரியில் வைத்தார்.

ஜூலையில் ஒரு காலை, ஷிஃப்டுக்குக் கிளம்பி ஷூ போடக் குனிந்தவர் நிமிரவில்லை. வயது ஐம்பத்திரண்டு.

அடக்கத்தன்று பேபியும் ஸ்டெஃபியும் வந்தார்கள். ஸ்டெஃபி கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. அம்மாவோடு தையல் யூனிட்டில் சேர்ந்துவிட்டாளாம். மாலையை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஆண்ட்டி, வீடியோ பாத்துட்டு சார் இன்னா சொன்னாரு?"

"பந்துமேலதான் கைன்னு சொன்னாரும்மா. கடைசி வரைக்கும் அதையேதான் சொன்னாரு."

அவள் அட்டையின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"கை பந்து மேல பட்டுச்சு ஆண்ட்டி. ஆனா நான் பந்துக்குத்தான் போனேனான்னு எனக்கே தெரில. கோச் புடின்னாரு. நான் அவளப் புடிக்கத்தான் ஓடுனேன்னு நெனக்கறேன். நடுவுல பந்து வந்துச்சு. இத்த அம்மாகிட்ட கூட சொல்லல."

ஏப்ரலிலிருந்து ஜூலை வரை, செயலாளர் வீடு, கடிதம், அந்த வீடியோ என்று அலைந்தோமே, இந்தப் பெண்ணிடம் போய் ஒரு வார்த்தை கேட்க எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. மனசைக் கேட்பது அவர் வழக்கமில்லை. இப்போது அவள் தானாகச் சொல்கிறாள். கேட்கவேண்டியவர் நான்கடி தள்ளிப் பெட்டிக்குள் கிடக்கிறார். இதைக் கேட்டிருந்தால் அவர் நிம்மதியாக இருந்திருப்பாரா, இன்னும் குழம்பியிருப்பாரா, எனக்குத் தெரியவில்லை.

"நான் செஞ்சது தப்பா ஆண்ட்டி?" என்று கேட்டாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பேபி வாசலிலிருந்து, "ஸ்டெஃபி, வாடி, ரெண்டு மணி ஷிஃப்டு" என்றாள். அவள் எழுந்து போனாள்.