எலுமிச்சை மணம் போன வழி

மணல் ஈ கடித்து வரும் தோல்புண்ணுக்கு நானே மருந்து கண்டுபிடித்துவிட்டேன் என்று ஒரு பகல் முழுக்க நம்பியிருந்தேன். ஐம்பத்திரண்டு வயதில் இப்படி நம்பத் தனித் துணிச்சல் வேண்டும்.

மல்கிரேவ் ஆய்வுகூடத்தில் என் வேலை இதுதான்: உள்ளங்கை அகலத் தட்டில் சின்னச் சின்னக் குழிகள், அவற்றில் அந்தப் புண்ணை உண்டாக்கும் ஒட்டுண்ணிகள். பாதிக் குழிகளில் எலுமிச்சை மணக்கும் குயின்ஸ்லாந்து இலையொன்றின் எண்ணெயை வெவ்வேறு அளவில் விடுவேன். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மீதியில் ஒன்றும் விடுவதில்லை. நுண்ணோக்கியின் கீழே அவை ஒற்றை வாலை ஆட்டி நீந்துவது, மத்தியான வெயிலில் தூசி மிதப்பதுபோல இருக்கும். பார்த்துக்கொண்டே எங்கோ போய்விடுவேன்.

அன்று எண்ணெய் விட்ட குழிகளில் ஒன்றும் அசையவில்லை. மிகக் குறைந்த அளவிலும்! யன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடம்கூடப் பொன்னாக மினுங்கியது. மனைவிக்கு அழைத்தேன்.

“இனி என்னைக் கண்டால் எழும்பி நிக்கவேணும்.”

“ஓம், ஓம். வரேக்க பால் வாங்கிக்கொண்டு வாங்கோ.”

மாலையில்தான் எண்ணெய் விடாத குழிகளைப் பார்த்தேன். அவற்றில் இருந்தவையும் செத்துக் கிடந்தன.

மாத முடிவில் என் ஒப்பந்தம் முடிகிறது. நீட்டுவதா என்பதை இந்தச் சோதனையை வைத்துத்தான் தீர்மானிப்பார்கள். எதையோ மாற்றி ஊற்றிக் கொன்றுவிட்டேன் என்று நினைத்துக் கழிப்பறையில் ஒளிந்திருந்து, பஸ் ஓட்ட எப்படி விண்ணப்பிப்பது என்று போனில் தேடினேன்.

வீட்டில் மீன் பொரிந்துகொண்டிருந்தது. வேலைக்குப் போடும் கோட்டில் மணம் ஏறாதிருக்க, குசினிக் கதவைச் சாத்திக் கீழே துவாயும் செருகியிருந்தது. ஆய்வுகூடத்திலும் நான் செய்தது அதைத்தான். பக்கத்து மேசைக்காரர் மூக்கைச் சுளிப்பார் என்று பயந்து, தட்டைச் சுற்றி நாடா ஒட்டிக் காற்றுப் போகாத பெட்டியில் வைத்திருந்தேன்.

“உங்கட கோட்டு தப்பீட்டுது. உள்ளுக்கை நிண்ட என்ர தலைமயிர் முழுக்க மீன் மணம்,” என்றாள் மனைவி.

நான் பால் போத்தலோடு அப்படியே நின்றேன்.

மறுநாள் கோயம்புத்தூர்க்காரரான என் மேலாளரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“ஆவியாகிற எண்ணெய் சார் அது. சீல் பண்ணி வச்சா பக்கத்துக் குழிக்குப் போகாம வேற எங்க போகும்? தனித்தனித் தட்டுல மறுபடி போடுங்க.”

போட்டேன். எண்ணெய் விடாதவை எல்லாம் நீந்தின. குறைந்த அளவு விட்டவையும் நீந்தின; அதிகம் விட்டவை மட்டும் அசையவில்லை. ஒப்பந்தத்தை மூன்று மாதம் நீட்டினார்கள்.