இடுப்பில் கட்டிய மேசை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். பாலக்காட்டுக் கஞ்சிக்கோட்டுப் பக்கம் பிறந்து வளர்ந்த என்னை, இடுக்கி மலையில் கம்பம்மெட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே, ஏலக்காய்த் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் தமிழ் மீடியம் பள்ளிக்கு டீச்சராக மாற்றினார்கள். ரெண்டாம் கிளாஸ். பத்தொன்பது பிள்ளைகள், நாலு நீள பெஞ்சு, அவற்றுக்கு முன்னால் நாலு நீள டெஸ்க். இது என் இடம் என்று ஒரு பிள்ளை சொல்லிக்கொள்ள அங்கே ஒரு முழம் பலகைகூடக் கிடையாது. டெஸ்க்குக்குக் கீழே பை வைக்கும் தட்டும் இல்லை. பைகள் காலடியில் கிடந்தன. ஜூன் மாத மழையில் அவை நனைந்து, மிதிபட்டு, ஒரே மூட்டையாகக் கிடக்கும்.

முதல் பீரியட் முழுக்கத் தேடல்தான். ரப்பர் எங்கே, ஷார்ப்னர் எங்கே, என் சிவப்புக் கிரேயானை அவன் எடுத்துவிட்டான், நான் எடுக்கவில்லை டீச்சர், அது தானாக உருண்டு வந்தது. டெஸ்க் வேறு ஒரு பக்கம் சரிந்திருக்கும். இந்தக் கோடியில் வைத்த பென்சில் அந்தக் கோடியில் போய் விழும். ஒரு நாள் நான் கத்திய கத்தலில் பக்கத்து வகுப்பு டீச்சர் ஓடி வந்து, யாருக்காவது அடிபட்டுவிட்டதா என்று கேட்டார்.

பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. அன்றைக்கு அதைப் பெரிய யோசனை என்றே நினைத்தேன். எல்லாரிடமிருந்தும் பென்சில், ரப்பர், கிரேயான் எல்லாவற்றையும் வாங்கி, பெஞ்சுக்கு ஒன்றாக நாலு பால்பவுடர் டப்பாவில் போட்டேன். எல்லாம் பொது. யார் வேண்டுமானாலும் எடுத்து எழுதலாம். மூன்று நாள் வகுப்பில் சத்தமே இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

நாலாவது நாள், கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி டப்பாவைத் தொடாமலே எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். புதிதாகச் சேர்ந்தவள். அவள் அம்மா ஏலக்காய் பறிக்கும் வேலைக்கு எஸ்டேட் மாறி எஸ்டேட் போகிறவர். மகளுக்கு இது மூன்றாவது பள்ளிக்கூடம். என்னைக் கண்டதும் அவள் பென்சிலைச் சட்டென்று பின்னலுக்குள் செருகினாள். நான் போய் உருவினேன். அடிப்பக்கம் சிவப்பு நூல் சுற்றிய, கட்டைவிரல் நீளமே மிஞ்சிய பென்சில்.

“இத்தனூண்டு பென்சிலுக்கு எதுக்கு கண்ணு இத்தனை ஒளிவு?”

“போன பள்ளிக்கூடத்துல என் கூட்டாளி குடுத்தது, டீச்சர்.”

கேட்டேன், ஆனால் காதில் வாங்கவில்லை. விதி என்றால் எல்லாருக்கும் விதிதான் என்று சொல்லி டப்பாவில் போட்டேன். அவள் அழவில்லை. மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் அந்தப் பென்சிலை டப்பாவிலிருந்து எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கே போனேன். அவள் அம்மா செடிகளுக்கு நடுவே குனிந்து காய் பறித்துக்கொண்டிருந்தார். அவர் இடுப்பில் ஒரு துணிப் பை, காயால் புடைத்துக்கொண்டு தொங்கியது.

“ஏனுங்க, பாப்பாவைக் காணமுங்களே?”

“அவ வர மாட்டேங்கா டீச்சர். பென்சில வாங்கிப் போட்டுட்டீங்கன்னு ஒரே அழுகை. இனிமே என்கூடத் தோட்டத்துக்கே வாரேங்கா.”

ரெண்டாம் கிளாஸ் பிள்ளை என்னால் படிப்பை விடப் போகிறது. வெட்கமாக இருந்தது. எல்லாம் பொதுவாக இருந்தால் சண்டை வராது என்றுதான் செய்தேன் என்று ஏதோ முனகினேன். அவர் பையைத் தட்டிக் காட்டினார்.

“எல்லாரு காயும் ஒரே சாக்குக்குத்தான் போகுது. ஆனா பறிக்கையில ஆளுக்கொரு பை உண்டுல்லா?”

பென்சிலை அவரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

மறுநாள் காலை அந்தப் பெண் வந்தாள். யூனிஃபார்முக்கு மேல், அம்மாவின் பழைய பறிப்புப் பையைப் பாதியாக வெட்டித் தைத்து இடுப்பில் கட்டியிருந்தாள். உள்ளே பென்சில், ரப்பர், ரெண்டு கிரேயான். அவளுடைய டெஸ்க் அவள் போகும் இடமெல்லாம் கூடவே போனது. பிள்ளைகள் அவளைச் சுற்றி மொய்த்துவிட்டார்கள். நான் அதைப் படம் எடுத்து அம்மாமார் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். திங்கட்கிழமை பத்தொன்பது இடுப்பிலும் பை. டப்பாக்களில் இருந்ததெல்லாம் அவரவர் பைக்குத் திரும்பியது. ஒன்று பழைய சேலையில் தைத்தது, ஒன்று கோதுமைமாவுச் சாக்கில். ஒரு பையன் பைக்கு ஜிப்பே வைத்திருந்தார்கள், அவன் அன்று முழுக்க அதைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான். ஒரு பென்சில்கூட உருளவில்லை. நானும் பத்தொன்பது நோட்டுகளையும் திருத்தி முடித்தேன்.

சாயங்கால மணி அடித்தது. ஓடுவார்கள் என்று பார்த்தால், ஒருவர் பின் ஒருவராக என் மேசைக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். முதலில் நின்றவன், நான் நோட்டுகள் வைக்கும் தட்டில் தன் பையைக் கவிழ்த்தான். அடுத்தவளும் கவிழ்த்தாள். எனக்குப் புரிவதற்குள் பத்தொன்பது பையும் காலி.

“ஏன் கண்ணுகளா, எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டிப் போட்டீங்களே!”

“நிறுங்க டீச்சர்!” என்றான் ஜிப்புக்காரன்.

தோட்டத்தில் அப்படித்தான். வேலை முடிந்ததும் இடுப்புப் பையைக் கொட்டி நிறுக்க வேண்டும். இடுப்பில் கட்டிய பையை வீட்டுக்கு அப்படியே கொண்டுபோகிற யாரையும் அவர்கள் பார்த்ததில்லை. எனக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. சிரிப்புதான் ஜெயித்தது. சிரித்துக்கொண்டே குவியலைக் கிளறிப் பார்த்தேன்.

பிறகு தட்டைத் தரையில் வைத்துச் சுற்றி உட்கார்ந்தார்கள், காய் தரம் பிரிப்பது போலப் பொறுக்கத் தொடங்கினார்கள். “இது அவனுது, கடிச்சு வச்சிருக்கான் பாருங்க.” “இந்த ரப்பர்ல அவ பேரைக் குத்தியிருக்கா.” எனக்குத் தெரியாத ஒவ்வொரு பல்தடமும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பத்தே நிமிஷத்தில் தட்டு காலியானது.

ஒன்றைத் தவிர எல்லாம் கிடைத்தன. சிவப்பு நூல் சுற்றிய பென்சிலைக் காணோம்.

அந்தப் பெண் பையின் வாயைத் திறந்து பிடித்தபடி நின்றாள். இன்றைக்கு இது கிடைக்காவிட்டால் நாளைக்கு அவள் வரப் போவதில்லை. பெஞ்சுக்கு அடியில் தவழ்ந்தேன். எல்லாப் பைகளையும் மறுபடி உதறச் சொன்னேன். “எடுத்தவங்க இப்பவே குடுத்துருங்க!” என்று கத்தவும் செய்தேன். ஜிப்புக்காரன் பயந்து ஜிப்பைத் திறந்து காட்டினான்.

அப்போது அந்தப் பெண் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து அருகில் ஓடினேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“டீச்சர், உங்க கொண்டையில!”

கையை வைத்துப் பார்த்தேன். நோட்டுத் திருத்தும்போது கையில் கிடைப்பதைக் கொண்டையில் செருகிக்கொள்வது என் பழக்கம். தட்டில் குவியலைக் கிளறியபோது எப்போதோ எடுத்துச் செருகியிருக்கிறேன்.

“டீச்சரும் ஒளிச்சு வச்சிருக்காக!” என்று வகுப்பே கூச்சல் போட்டது. அசடு வழிய நின்றேன். ஆனால் அவ்வளவு சந்தோஷமாக நான் அந்தப் பள்ளியில் அதற்கு முன்னால் நின்றதில்லை.

பென்சிலை உருவி அவளிடம் நீட்டினேன். “தப்புப் பண்ணிப் போட்டேன் கண்ணு. அன்னைக்கும் சேர்த்துத்தான். நாளைக்கு வருவியா?”

அவள் அதை வாங்கிப் பைக்குள் போட்டு, வாய்க்கயிற்றை இறுக்கி முடிச்சிட்டாள். வாசல் வரை போனவள் திரும்பி நின்றாள்.

“வருவேன் டீச்சர். உங்களுக்கு எழுதத் தாரேன். சாயங்காலம் நிறுக்கும்போது திருப்பிப் போட்டுரணும், என்ன?”

“சரிங்க” என்றேன்.