பெஞ்சில் காத்திருந்த இராமையா அண்ணன்

வியாழக்கிழமை காலை ஆய்வுகூடக் கதவைத் திறந்துகொண்டிருந்தபோது இராமையா அண்ணன் வீட்டு அண்ணியிடமிருந்து அழைப்பு வந்தது. “அவங்க போயிட்டாங்க தங்கச்சி,” என்றார்.

எங்கள் நுவரெலியா ஆய்வுகூடத்தின் மூத்த தொழில்நுட்பவியலாளர் இராமையா அண்ணன், பூண்டுலோயாத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க் கட்டியிலிருந்து வெட்டியெடுத்த துணுக்குகளுக்குச் சாயமேற்றுவது அவர் வேலை. கட்டியில் சில புரதங்கள் இருந்தால் பழுப்பு நிறமாகத் தெரியும். அந்தப் பழுப்பு எவ்வளவு என்று பார்த்து, நோய் திரும்புமா, பரவுமா என்று வைத்தியர்கள் கணிப்பார்கள்; பழுப்பு கூடக்கூட ஆபத்தும் கூடும்.

நான் புதிதாகச் சேர்ந்திருந்தபோது, கொட்டகலையிலிருந்து வந்த ஓர் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “தம்பி, எங்க வீட்டுக்காரரு பொழைப்பாரா? நீங்கதானே பாத்தீங்க,” என்று அழுதார்.

“டாக்டரு சொல்லுவாங்கம்மா, ஒக்காருங்க,” என்று பெஞ்சைக் காட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டார்.

இவ்வளவு கல்நெஞ்சா என்று கேட்டே விட்டேன்.

“இந்த நெறம் நூறு பேர்ல எத்தன பேருக்குத் திரும்ப வரும்னுதான் சொல்லும். அந்த நூறுல அவரு எந்தப் பக்கம்னு அதுக்குத் தெரியாது தங்கச்சி. வாசல்ல நின்னு நான் என்னத்தச் சொல்றது?” என்றார். அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை.

சென்ற வருடம் அவருக்கே சிறுநீர் சிவப்பாகப் போனது. பீட்ரூட் சாப்பிட்டதால்தான் என்று சில வாரம் தட்டிக்கழித்தார், இந்த வேலை பார்க்கிறவரே! இன்று நினைத்தாலும் அவர்மேல் கோபம் வருகிறது.

கடைசியில் அவருடைய கட்டியின் துணுக்கும் எங்கள் மேசைக்கே வந்தது. சாயமேற்றியவள் நான். ஸ்லைட் வைத்த நுணுக்குக்காட்டி அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

“பாக்குறீங்களா அண்ணே?”

“வேணாம். சொல்ல வேண்டியவங்க சொல்லட்டும்.”

எழுந்துபோய், வெளியே நோயாளிகளோடு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். போகும்போது என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. ஸ்லைட் முழுக்கப் பழுப்பாக இருந்தது.

சிறுநீர்ப்பையையே எடுத்துவிட வேண்டும், எடுத்தாலும் உறுதி சொல்ல முடியாது என்றார் வைத்தியர். எடுத்தார்கள். வயிற்றில் சிறுநீர் சேரும் பையைக் கட்டிக்கொண்டு சில மாதங்கள் வேலைக்கும் வந்தார்.

ஒருநாள் சாயக் குப்பிகளைக் கழுவிக்கொண்டே, “நூறுல நான் நல்ல பக்கமா இருக்கக்கூடாதா தங்கச்சி?” என்று கேட்டார்.

“இருப்பீங்க அண்ணே,” என்றேன்.

“நீ டாக்டரு இல்லையே,” என்று சிரித்தார். பிறகு நோய் எலும்புக்குப் போனது. அதன்பின் அவர் எதையும் கேட்கவில்லை.

தோட்டத்து மலையில் அவரை அடக்கம் செய்துவிட்டுக் கிளம்பும்போது அண்ணி என்னைக் கூப்பிட்டார். “அவங்களோடதுன்னு அங்க ஏதாச்சும் இருந்தா எல்லாத்தையும் குடுத்தனுப்பும்மா.”

குடையையும் தேநீர்க் கோப்பையையும் கொடுத்தனுப்பினேன். மெழுகில் பதித்த அந்தத் துணுக்கு மட்டும் எங்கள் அலுமாரியில் இருக்கிறது. விதிப்படி அது இன்னும் பல வருடம் இங்கே இருக்க வேண்டும். அண்ணியிடம் நான் அதைச் சொல்லவில்லை. நீங்கள் போய் வாருங்கள் அண்ணே. அதைப் பத்திரமாக வைத்திருப்பது இனி என் வேலை.