காணாமல் போன ரேடியேட்டர் தண்ணீர்

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் ஒரு பழைய ஜப்பான் கார் வாங்கினோம். கணவர் இலங்கையில் பலாங்கொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிளாக்கர். நான் அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். மாமியாருக்கு முழங்கால் வலி. பஸ்ஸில் அவரை ஏற்றி இறக்குவது பெரும்பாடாக இருந்ததால்தான் கார் என்ற யோசனையே வந்தது.

வாங்கிய கொஞ்ச நாளிலேயே, டவுனிலிருந்து மேட்டில் ஏறும்போது சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போனது. ஆறவிட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் தண்ணீர் பாதிகூட இல்லை. ஓடையில் பிடித்து ஊற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம். அதன் பிறகு ஒவ்வொரு பயணத்திலும் தண்ணீர் குறைந்தது.

டவுனில் கராஜ் வைத்திருந்த சிங்கள பாஸ் (மெக்கானிக்கை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்) பொறுமையான மனுஷன். முதலில் ரப்பர் ஹோஸை மாற்றினார். பிறகு ரேடியேட்டரைக் கழற்றி ஈயம் வைத்து ஒட்டினார். அதுவும் சரிவராமல் வாட்டர் பம்பை மாற்றியபோது என்னுடைய ஒரு மாதச் சம்பளம் அப்படியே போய்விட்டது. தண்ணீர் என்னவோ குறைந்துகொண்டேதான் இருந்தது.

"வித்தவன் நல்லா ஏமாத்திட்டான்," என்றார் கணவர்.

எனக்குக் கோபத்தைவிட, அந்தத் தண்ணீர் எங்கேதான் போகிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசைதான் அதிகம். சாயங்காலம் காருக்கு அடியில் பழைய பேப்பர்களை விரித்து வைப்பேன். காலையில் குனிந்து பார்த்தால் ஒன்றிரண்டு எண்ணெய்ச் சொட்டு இருக்கும். தண்ணீர்க் கறை இருக்காது.

முன் சீட்டில் கால் வைக்கும் இடத்து விரிப்பு எந்நேரமும் ஈரமாக இருந்தது. அதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் பக்கத்து மழைக்கு எதுதான் காய்ந்திருக்கிறது? குடையிலிருந்து வடிந்தது என்று நினைத்தோம். கதவு ரப்பரைக்கூட ஒருமுறை மாற்றிப் பார்த்தோம்.

மாசியில் சில வாரம் மழை விட்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்கிக்கொண்டு திரும்பினோம். மாமியார் வழக்கம்போல முன் சீட்டில், நான் பின்னால். மேடு ஏறத் தொடங்கியதும் மாமியார் கால்களை முன்னுக்கு நீட்டிக்கொண்டார்.

"இங்க உக்காந்தா காலுக்கு எவ்ளோ சொகமா இருக்கு. வெந்நி ஒத்தடம் குடுக்கிற மாதிரி."

"வெந்நியாங்க அத்தை?"

"ஆமா. மேட்டுல ஏறுறப்ப சொட்டுச் சொட்டா கால்ல விழும். காருன்னா அப்படித்தான்னு இருந்துட்டேன்."

கணவர் ஓரமாக நிறுத்தினார். நான் இறங்கி வந்து, மாமியாரின் காலுக்கு மேலே டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டேன். விரல் சுட்டது. மழைத்தண்ணீர் சுடாது.

மறுநாள் பாஸிடம் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார்.

"ஹீட்டர், டீச்சர். குளிர் நாட்டுல உள்ளுக்கு சூடு வாறதுக்கு. இங்க யாரு அத போடுறது? எனக்கும் மறந்து போச்சு."

இஞ்சினில் சூடாகும் தண்ணீர் டேஷ்போர்டுக்குள் இருக்கும் இன்னொரு குட்டி ரேடியேட்டருக்கும் போய் வருகிறதாம். நாங்கள் அதன் விசையைத் தொட்டதே இல்லை. ஆனாலும் தண்ணீர் அங்கே போய், உள்ளுக்குள்ளேயே ஒழுகி விரிப்பில் ஊறியிருக்கிறது. பாஸ் அங்கே போகிற குழாயையும் வருகிற குழாயையும் வெளியிலேயே ஒன்றோடொன்று இணைத்துவிட்டார். அரை மணி நேர வேலை. செலவென்று சொல்ல ஒன்றுமில்லை.

"அந்தக் குட்டிய கழட்டிக் காட்டுவீங்களா?" என்று கேட்டேன்.

"நம்பிக்கை இல்லையா, டீச்சர்?"

"அப்படி இல்லீங்க. பாக்க ஆசையா இருக்கு."

கழற்றிக் கையில் கொடுத்தார். பள்ளிக்கூட அட்லஸ் அளவுதான் இருந்தது. மெல்லிய தகடுகள், ஒரு மூலையில் பச்சை பூத்து அரித்திருந்தது. ஜப்பானில் இந்தக் காரை முதலில் வைத்திருந்தவர் பனி கொட்டும் காலைகளில் இதைப் போட்டுக் கைகளைச் சூடாக்கியிருப்பாரோ என்று வெகுநேரம் அதையே திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் அதன் பிறகு குறையவில்லை. மாமியாருக்குத்தான் மனக்குறை.

"அத அப்படியே விட்டிருக்கலாம். தண்ணி ஊத்துறது ஒரு வேலையா?" என்று கணவரிடம் சொன்னார்.

அந்தக் கார் இன்னும் சில வருடம் எங்களிடம் இருந்தது. கிளட்ச் தேய்ந்தது, டைனமோ போனது. ஒவ்வொரு முறையும் கழற்றியதைக் காட்டச் சொல்வேன். பாஸும் பழகிவிட்டார். ஒருமுறை காபரேட்டரைக் கழுவப் பிரித்துவிட்டு, டீச்சர் வந்து பார்க்கட்டும் என்று திரும்பப் பொருத்தாமலே வைத்திருந்தார்.