பத்தாம் எண்ணிலிருந்து வந்த குரல்

நீங்கள் நம்பியே தீர வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் அந்தக் குரலை நான் என் காதால் கேட்டேன்.

ஒரு முதியோர் இல்லம். பழைய டெலிபோன்களை எடுத்துவிட்டு இன்டர்நெட் போன்கள் மாட்டும் வேலை. ஒன்பதாம் அறையில் என் அம்மா இருந்தாள். இதய நோயாளி. அதனாலேயே இந்த வேலையை நான் கேட்டு வாங்கினேன். அவசரத்துக்கு அவள் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், நர்ஸ் மேஜையில் மணி அடிக்க வேண்டும்.

போன்கள் ஒரு கம்பெனியுடையவை. அழைப்புகளை இணைப்பதோ, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துத் திருத்திக்கொள்ளும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை. மணி சரியாக அடிக்கும். எடுத்தால் அந்தப் பக்கத்துக் குரல் வராது. மணிக்கு ஒரு வழி, குரலுக்கு வேறு வழி. இரண்டாவது வழியில்தான் சிக்கல். ஒவ்வொரு போனாகச் சரிசெய்துகொண்டிருந்தோம்.

இருட்டத் தொடங்கிய நேரம். நான் நர்ஸ் மேஜையில். கூட வேலை செய்யும் மொட்டை, அறை அறையாகப் போய் என்னைக் கூப்பிட்டான்.

“நாலாம் ரூம். கேக்குதாக்கா?”

“இப்ப கேக்குது.”

“அப்பாடா! முடி இருந்திருந்தா பிச்சிக்கிட்டிருப்பேன்.”

கொஞ்ச நேரத்தில் மணி. போன் திரையில் அறை எண் ஒன்பது. எடுத்தேன். சத்தமே இல்லை. அம்மா தூங்குவதைச் சற்று முன்புதான் பார்த்துவிட்டு வந்திருந்தேன். மொட்டை முந்திக்கொண்டு அங்கே போய்விட்டான் என்று நினைத்தேன். குரல் வராவிட்டால் கோளாறு என்று முடிவுகட்டித் துண்டித்துவிடுவது எங்கள் வழக்கம்.

துண்டித்தேன்.

மறுபடி ஒன்பது. மறுபடி மௌனம்...

துண்டித்தேன்.

மறுபடி மணி. இந்த முறை ஒன்பது இல்லை.

பத்து.

“பக்கத்து ரூம்ல விழுந்து கிடக்குறாங்க... கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க... நீ கட் பண்ற.”

ஒரு பெண்ணின் குரல். துளிகூட இரைச்சல் இல்லை. என் காதுக்குள்ளேயே உட்கார்ந்து பேசுவதுபோல.

“யாருக்கா லைன்ல?”

திரும்பினேன். பின்னால் மொட்டை நின்றுகொண்டிருந்தான்.

“பத்து.”

“பத்தா? அது பூட்டிக் கிடக்கு. இன்னும் போனே மாட்டலையே!”

ஓடினேன்.

அம்மா தரையில். போனும் கூடவே விழுந்திருந்தது.

விரல் பொத்தான் மேல்.

உதடு அசைந்துகொண்டிருந்தது...

பிழைத்துக்கொண்டாள். “இன்னும் கொஞ்சம் லேட்டாகியிருந்தா...” என்று ஆரம்பித்த டாக்டர் முடிக்கவில்லை. அவர் முடிக்காததை நான் தினமும் எனக்குள் முடித்துப் பார்க்கிறேன். அம்மா என்னை இரண்டு முறை கூப்பிட்டாள். அவளுடைய மூச்சுக்கு நான் வைத்த பெயர் கோளாறு.

மறுநாள் நர்ஸிடம் கேட்டேன். “பத்துல யாரு இருந்தா?”

“ஒரு டீச்சரம்மா. போன வாரம்தான் இறந்துட்டாங்க.”

“அவங்க குரல் எப்படி இருக்கும்?”

நர்ஸ் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

“குரலா? தொண்டையில புற்றுநோய்னு ஆபரேஷன் பண்ணி, பேச்சே போனதுக்கு அப்புறம்தானே இங்க வந்தாங்க. அவங்க பேசி நாங்க யாருமே கேட்டதில்லையே...”