புனிதாவின் ஈசியூ மேசை

பள்ளிக்கூடக் கேண்டீனில் மீகூன் சேமியா பிரட்டிக்கொண்டிருந்த புனிதாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. லைசென்ஸ் எடுக்க இரண்டு முறை போனாள். இரண்டு முறையும் மேட்டில் நிறுத்திக் காட்டும் இடத்தில் வண்டியைப் பின்னால் உருளவிட்டாள். போதும் சாமி என்று அதோடு விட்டுவிட்டாள். அப்படிப்பட்டவள் ஐம்பத்து மூன்றாவது வயதில் சிரம்பான் பக்கத்துப் பாரோயில் இருந்த வீட்டின் பின்னறையில் கார் கம்ப்யூட்டர்களுக்கென்று ஒரு மேசை போட்டதற்குக் காரணம், அவள் புருஷன் குணாளன் ஒரு மாலையில் பழைய பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்த பெட்டிதான்.

குணாளன் சிரம்பானில் ஒரு கார் பட்டறையில் வெகு காலமாக வேலை செய்பவர். இன்ஜின் இருமுகிறதா முனகுகிறதா என்று காதை வைத்தே சொல்லிவிடுவார். ஆனால் இப்போது வரும் கார்களில் பாதிக் கோளாறு இன்ஜினில் இல்லை. அதை ஆட்டிவைக்கும் ஒரு சின்ன அலுமினியப் பெட்டியில் இருக்கிறது. பட்டறையில் அதை ஈசியூ என்பார்கள். அது செத்துவிட்டால் கோலாலம்பூரில் ஒருவரிடம் அனுப்பிவிட்டுக் காத்திருப்பது வழக்கம். அந்த மனிதரும் கடையை மூடிவிட்டு மகனோடு ஜொகூருக்குப் போய்விட்டார். மருத்துவமனைத் தாதி விஜிதாவின் கார் வெள்ளத்தில் மாட்டி, பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து, பட்டறை மூலையில் கிடந்தது. அந்தப் பெண் தினமும் போன் செய்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீதான் பேக்டரில அத்தன வருஷம் போர்டு பாத்தவளாச்சே. சும்மா தொறந்து பாரேன்லா," என்றார் குணாளன்.

கீரை ஆய்ந்த கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு புனிதா திருகாணிகளைக் கழற்றினாள். மூடி பிரிந்ததும் ஒரு வாசம் வந்தது. தண்ணீர் பட்டு ஊறிய உலோக வாசத்துக்கு அடியில், மெலிதாக, ஈயம் ஒட்டப் போடும் ரோசனமும் வார்னிஷும் கலந்த வாசம். புனிதா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். என்ன ஆச்சு என்று குணாளன் கேட்டதற்கு, ஒன்றுமில்லை, பேக்டரி வாசம் என்றாள்.

சுவா பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பிறந்தவள் அவள். பள்ளிக் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்த கையோடு செனவாங்கில் ஒரு எலக்ட்ரானிக் பேக்டரியில் சேர்ந்தாள். தோட்டத்துப் பெண்களை ஏற்றிப்போக விடியுமுன்பே பஸ் வரும். டிரைவர் சன்னாசி, கோயில் முச்சந்தியில் நின்று ஆரன் அடிப்பார். ஈரத் தலையும் கையில் சோத்து மங்குப் பாத்திரமுமாகப் பெண்கள் ஓடி வருவார்கள். பஸ்ஸில் ஒருத்தி தலை உலர்த்துவாள், ஒருத்தி தூங்குவாள், ஒருத்தி அடுத்தவள் கல்யாணக் கதையைக் கிளறுவாள். அந்தப் பஸ்ஸில் புனிதாவின் பக்கத்து இடம் தனலெட்சுமிக்கு. தனம் என்று கூப்பிடுவார்கள். தோட்டத்து வீட்டு வரிசையில் அடுத்த லயத்துக்காரி. பேக்டரி லைனிலும் பக்கத்து நாற்காலிதான்.

நீலக் கோட்டும் தொப்பியும் போட்டு வரிசையாக உட்கார்ந்தால் யார் யாரென்றே தெரியாது. புனிதாவுக்குப் பரிசோதனை வேலை. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, மின்சுற்றுப் போர்டில் எந்தச் சிப்பின் கால் ஒட்டவில்லை, எங்கே ஈயம் வழிந்திருக்கிறது என்று பார்த்து அந்த இடத்தில் அம்புக்குறி ஒட்டுவாள். அம்பு ஒட்டிய போர்டு தனத்திடம் போகும். அவள் ஈயம் உருக்கும் சோல்டர் கோலை எடுத்துச் சரிசெய்வாள். புனிதா குற்றம் சொல்லுவாள், தனம் குற்றம் தீர்ப்பாள் என்பது லைனில் எல்லாரும் சொன்ன பேச்சு. ஒரு தீபாவளிக்கு முதல் நாள் அரை ஷிப்டோடு விட்டபோது, சன்னாசி யாரிடமும் கேட்காமல் பஸ்ஸைச் சி ரூசா கடற்கரைக்கு விட்டார். கோட்டைக்கூடக் கழற்றாமல் முப்பது பெண்கள் அலையில் காலை நனைத்துக்கொண்டு நின்றார்கள். வீட்டில் திட்டு வாங்கியவர்களும் உண்டு. ஆனால் அதைப்பற்றிப் பல வருஷம் பேசினார்கள்.

பிறகு அந்தப் பேக்டரியை மூடினார்கள். பினாங்கில் இருந்த கிளைக்கு வர விருப்பமா என்று சிலரைக் கேட்டார்கள். புனிதாவும் தனமும் சேர்ந்தே போவதாகப் பேசிவைத்திருந்தார்கள். அந்த வாரம் பார்த்து, அதற்குள் கல்யாணமாகியிருந்த புனிதாவின் மாமனாருக்குப் பக்கவாதம் வந்தது. தனம் தனியாகப் போனாள். முதலில் வாரம் ஒரு போன், பிறகு பண்டிகைக்கு ஒரு போன், பிறகு அதுவும் இல்லை.

விஜிதாவின் போர்டைக் குணாளனிடம் திருப்பிக் கொடுக்கப் புனிதாவுக்கு மனம் வரவில்லை. பார்த்தே ஆகவேண்டும், பார்ப்பதானால் முறையாகப் பார்க்கவேண்டும் என்றாள். மூத்த மகள் கல்யாணமாகிப் போனபின் பின்னறையில் பழைய துணிதான் கிடந்தது. அதை ஒழித்தார்கள். முதலில் போட்ட மடக்கு மேசை சரிப்படவில்லை. யாராவது நடந்தால் மைக்ராஸ்கோப்பில் பூகம்பமே வந்தது. குணாளன் பட்டறையில் ஒதுக்கிப் போட்டிருந்த கனத்த இரும்பு மேசையை நான்கு பேரை வைத்துத் தூக்கிவந்தார். அதன்மேல் நிலைமின்சாரம் தாக்காத நீல ரப்பர் விரிப்பு. கையில் கட்டிக்கொள்ளும் பட்டையிலிருந்து ஒரு வயர் விரிப்புக்குப் போகவேண்டும் என்று புனிதா கறாராகச் சொன்னபோது, மாட்டைக் கட்டுவதுபோல இருக்கிறதே என்று குணாளன் சிரித்தார். கட்டாமல் என் மேசையைத் தொடக்கூடாது என்று அவள் சொன்ன பிறகு அவரும் கட்டிக்கொண்டார்.

மிச்சச் சாமான்கள் ஒவ்வொன்றாக வந்தன. காரின் பேட்டரிக்குப் பதிலாக நிற்கும் மின்சாரப் பெட்டி, திரையில் காட்டும் மைக்ராஸ்கோப், சோல்டர் கோல், ஈசியூவுக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் நிற்கும் ஒரு கருவி. காரே இல்லாமல் மேசையில் வைத்து ஈசியூவை எழுப்பி, அதில் எழுதியிருப்பதைப் படித்து, வேண்டியதை எழுத முடியும் என்பதைக் குணாளன் கோலாலம்பூரில் ஒரு வார இறுதி வகுப்புக்குப் போய்க் கற்றுவந்தார். எந்த முனைக்கு மின்சாரம், எது எர்த், எது சாவி போட்டதாகக் காட்டும் வயர், எந்த இரண்டு லேப்டாப்போடு பேசுவதற்கு என்று பார்த்து வயர்களுக்கு நிறம் பிரித்தார். நடுவில் ஒரு பியூசும் வைத்தார்.

எல்லாம் கூடிவந்து விஜிதாவின் பெட்டியை மாட்டினால், அது பேசவில்லை. புனிதா போர்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். தண்ணீர் ஒரு பக்கத்தையே தின்றிருந்தது. பச்சைப் பாசி பிடித்ததுபோலச் செம்புத் தடங்கள் அரித்துப்போய்க் கிடந்தன. இது பிழைக்காது என்று சொல்லிவிட்டாள். கார்களை வெட்டிப் பாகம் விற்கும் கடையிலிருந்து அதே ரகத்தில் இன்னொரு பெட்டி வாங்கிவந்தார் குணாளன். அது மேசையில் நன்றாகப் பேசியது. காரில் மாட்டினால் மட்டும் இன்ஜின் பிடிக்கவில்லை. வேறு காரின் பெட்டி அது. விஜிதாவின் சாவியை அதற்கு அடையாளம் தெரியாது. அந்த அடையாளம் செத்த போர்டில், எட்டுக் கால் கொண்ட ஒரு சின்னச் சிப்பில் இருந்தது. அரிப்பு அதன் ஓரம்வரை வந்து நின்றிருந்தது. அதைப் பெயர்த்து எடுத்து, புதுப் போர்டில் வைக்கவேண்டும்.

பாழாய்ப்போன பழைய ரேடியோ போர்டுகளில் புனிதா பழகிப் பார்த்தாள். சிப் வந்தது, கூடவே அதன் அடியில் இருந்த செம்புத் தகடும் உரிந்து வந்தது. இன்னொன்றில் சூடு அதிகமாகிக் கருகியது. அவள் கண் குற்றம் காணப் பழகியது, கைக்கு அந்தப் பழக்கம் இல்லை. இது தனத்தின் வேலை என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

கேண்டீனில் கூட வேலை செய்யும் மயிலம்மாள் சுவா பக்கம் உறவு உள்ளவள். தனம் பினாங்கிலிருந்து திரும்பி வந்து ஒரு வருஷமாகிறது என்று அவள் வாயிலிருந்துதான் வந்தது. ஒரு வருஷமாகவா, எனக்கு ஒரு போன்கூட இல்லையே என்று புனிதாவுக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் அதை மனத்தில் வைத்துப் புழுங்கிவிட்டு, சனிக்கிழமை குணாளனோடு சுவாவுக்குப் போனாள்.

பழைய தோட்டம் இருந்த இடமெல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. தனம் ரோட்டோரம் தம்பி வீட்டில் இருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. புனிதாவைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். பிறகு உள்ளே கூட்டிப்போய் டீ போட்டாள். விஷயத்தைக் கேட்டதும் முடியாதென்று தலையை ஆட்டினாள்.

"அந்த வேலைய விட்டு ரொம்ப நாளாச்சு புனிதா. பினாங்குல எல்லாம் மெஷின் செய்யும். எனக்கு மெஷின் பக்கத்துல நின்னு லைட்டு எரியுதான்னு பாக்குற வேலை. அப்புறம் பேக்கிங்ல போட்டாங்க. நான் சோல்டர் கோலத் தொட்டே பல வருஷம் இருக்கும்."

அதனாலென்ன என்றாள் புனிதா.

"கை மறந்திருக்கும்டி. உன் முன்னால மறந்து நிக்கணுமா? அதுக்குத்தான் வந்தும் கூப்பிடல. வந்தா நீ அதப் பத்திதான் பேசுவ."

புனிதா அதற்குமேல் வற்புறுத்தவில்லை. சன்னாசியைப் பற்றிப் பேசினார்கள். அவர் போன வருஷம் காலமானது புனிதாவுக்கு அன்றுதான் தெரிந்தது. அலையில் நனைந்த கோட்டை தீபாவளி லீவு முடிந்து வந்ததும் சூப்பர்வைசர் மோந்து பார்த்ததைச் சொல்லி இரண்டு பேரும் சிரித்தார்கள். கிளம்பும்போது பாரோய் வீட்டு முகவரியை மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். திரும்பும் வழியில் குணாளன், அந்த அம்மா வராது போலிருக்கே என்றார். விஜிதாவுக்கு வேறு வழி பார்க்கச் சொல்லிவிடலாமா என்று புனிதாவும் யோசித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் ஒரு காலையில் தனம் கேட்டைத் தட்டினாள். கையில் நாசி லெமாக் தேங்காய்ச் சோற்றுப் பொட்டலங்கள் இருந்தன. சும்மா பார்த்துவிட்டுப் போக வந்ததாகச் சொன்னாள். பின்னறைக்குள் நுழைந்தவள் மேசையைச் சுற்றி வந்தாள். விரிப்பைத் தடவினாள். சோல்டர் கோலின் முனையைப் பார்த்து, இதை யார் இப்படிக் கருக்கியது என்று கேட்டாள். தனம் ஈர ஸ்பாஞ்சு கேட்டாள், முனையைத் துடைத்தாள், புது ஈயம் தொட்டு அதை வெள்ளி போலாக்கினாள். அப்புறம் பழைய போர்டு இருந்தால் ஒன்று கொடு என்றாள்.

முதல் சிப் அவளுக்கும் சரியாக வரவில்லை. தகடு உரிந்தது. பார்த்தியா என்று புனிதாவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள், ஆனால் கோலைக் கீழே வைக்கவில்லை. இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதற்கு முன்னால், "நீ ஏண்டி பின்னால நிக்கிற? பக்கத்துல ஒக்காரு. பழையபடி சொல்லு," என்றாள்.

புனிதா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். திரையில் சிப்பின் கால்கள் தூண் தூணாகத் தெரிந்தன. புனிதா சொல்லச் சொல்ல, தனத்தின் கை போனது. மூன்றாம் கால் இன்னும் இளகவில்லை, இப்போது இளகுது, வலப்பக்கம் சாயுது, கொஞ்சம் பொறு, சரி. மதியம்வரை அப்படிப் பழகினார்கள். சாப்பிட்டு முடித்த பிறகுதான் விஜிதாவின் போர்டை எடுத்தார்கள். சிப் நோகாமல் வந்தது. புதுப் போர்டில் அதை வைத்து எட்டுக் காலையும் ஒட்டி முடித்தபோது தனத்தின் ரவிக்கை முதுகு நனைந்திருந்தது. புனிதா மைக்ராஸ்கோப்பைக் கால் காலாக நகர்த்திப் பார்த்தாள். வேண்டுமென்றே நேரம் எடுத்துக்கொண்டாள்.

"என்ன, அம்பு ஒட்டப் போறியா?"

"ஒட்ட எடமில்ல," என்றாள் புனிதா. தனம் எழுந்து கை கழுவப் போனாள்.

குணாளன் வேலையிலிருந்து வந்ததும் பெட்டியை வயர்களில் மாட்டி மின்சாரம் கொடுத்தார். லேப்டாப்பில் கோடு ஓடியது. பிறகு எண்கள் வந்தன. விஜிதா அனுப்பியிருந்த காரின் சேசிஸ் எண்ணோடு குணாளன் அதை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு வாசித்தார். எல்லாம் ஒத்துப்போனது. மறுநாள் பட்டறையில் பெட்டியைக் காரில் பூட்டி, விஜிதாவின் சாவியைப் போட்டுத் திருகியபோது இன்ஜின் முதல் தடவையே பிடித்தது. இரண்டு பெண்களும் பட்டறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். விஜிதா வந்து, யார் செய்தது என்று கேட்டபோது, குணாளன் அவர்களைக் காட்டினார். அந்தப் பெண் அக்காமார்களா என்று ஆச்சரியப்பட்டு, இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டாள். ஷிப்டுக்கு நேரமாகிறது என்று உடனே கிளம்பியும் விட்டாள்.

விஷயம் மற்றப் பட்டறைகளுக்கும் பரவியது. தூரத்தில் இருக்கும் கெமாஸ் பக்கமிருந்துகூடப் பெட்டிகள் வர ஆரம்பித்தன. எல்லாம் பிழைக்கவில்லை. சில செத்தபடியே திரும்பிப் போயின. அந்த ஆண்டுக் கடைசியில் புனிதா கேண்டீன் வேலையை விட்டாள். தனம் வாரத்தில் இரண்டு நாள் சுவாவிலிருந்து பஸ் ஏறி வருகிறாள். வேலை அதிகமிருந்தால் இரவு தங்கிவிடுகிறாள்.

அவர்களுக்குள் இப்போது பெரிய சண்டை மின்சாரக் காற்றாடியைப் பற்றித்தான். வியர்த்துக் கொட்டுகிறது, போடு என்கிறாள் தனம். போட்டால் எள்ளளவு இருக்கும் சாமான்கள் பறந்துபோய்க் மேசைக்கடியில் தேடவேண்டியிருக்கும் என்கிறாள் புனிதா. டீ குடிக்கும் நேரத்துக்கு மட்டும் போடுவது என்று முடிவாகியிருக்கிறது. அதனால் தனம் ஒரு டீயை வெகு நேரம் குடிக்கிறாள். புனிதாவும் அவசரப்படுத்துவதில்லை.